தோலில் சுற்றி வந்த கல்

ஒக்தோவின் கையில் எப்போதும் வினிகர் வாடை அடிக்கும். சோப்புப் போட்டாலும் போகாது, பிர்ச் இலைக் கொத்தால் தேய்த்துக் குளித்தாலும் போகாது. ரொட்டிக் கடை வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்ப்பாள். பாவம், குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறவைக்கிறவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். ஒக்தோ ஊறவைத்தது கல்லை.

யாக்குத்ஸ்க் நகரத்தில், உறைந்த மண்ணுக்கு மேலே கட்டைக்கால்களில் நிற்கும் ஒரு மரவீட்டில் அவளுடைய ஆய்வுக்கூடம் இருந்தது. ஆல்தான் ஆற்றின் கரையில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, உடைத்து, தண்ணீர் கலந்த வினிகர் அமிலத்தில் வாரக்கணக்கில் போட்டுவைப்பார்கள். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்து போகும். கரையாமல் அடியில் தங்குவதுதான் சரக்கு. ஐம்பது கோடி ஆண்டுக்கும் முன்னால், மீன் என்ற ஒன்றே பிறக்காத கடலில் ஊர்ந்து திரிந்த பிராணிகளின் ஓடுகள் அவை. பெரும்பாலும் ரவையைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். பழைய நைலான் காலுறையில் வடிகட்டி, உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழே அணில்முடித் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு அந்த வேலை ஆகாது. ஒக்தோவுக்குக் கல்லிடம் பொறுமை உண்டு, மனிதர்களிடம்தான் கிடையாது.

அதிலும் கவ்ரீலிடம் துளிகூடக் கிடையாது. கவ்ரீல் அவளைக் கட்டியவன். அவனும் கல் படித்தவன்தான். அவள் சகா இனத்துப் பெண், பசுவும் குதிரையும் வளர்த்த குடும்பம். அவன் எவெங்கி, மேல் ஆல்தான் காட்டில் பனிமான் மேய்த்த குடும்பம். கட்டிக்கொண்ட முதல் இலையுதிர்காலத்திலேயே முட்டிக்கொண்டார்கள். அவன் காட்டில் ஒரு பெரிய மானைச் சுட்டான். சுட்டவன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாமோ? நேராக எதிர்வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டான். எதிர்வீட்டுக்காரி மானை அறுத்து, தெரு முழுக்கப் பங்கு வைத்து, இவர்களுக்கும் ஒரு தொடையை அனுப்பினாள்.

"கட்டினவளுக்கு இல்லாத கறி எதிர்வீட்டுக்காரிக்கா? உனக்கு மூளை இருக்கா?" என்று ஒக்தோ குதித்தாள்.

"அடிச்சவன் அறுக்கக் கூடாது" என்றான் கவ்ரீல். "அடுத்தவங்க கையில குடுத்துட்டு வாயை மூடிக்கிட்டு உக்காரணும். அவங்க அறுத்துக் குடுக்கிறதைத்தான் தின்னணும். எங்க ஜனங்க அதை நிமாத்னு சொல்வாங்க. நான் அடிச்சது, நான் அடிச்சதுன்னு பீத்திக்கிட்டா காடு கோவிச்சுக்கும்."

"காடு கோவிச்சுக்கட்டும். நான் கோவிச்சுக்கிட்டேனே, அது தெரியலையா?"

கல்லிலும் அவன் அப்படித்தான். பாறை மேட்டில் மோப்பம் பிடித்துத் திரிவான். கண்ணில் பட்ட நல்ல கல்லைப் பெயர்த்து எடுப்பானே தவிர, பிளக்க மாட்டான். கூடாரத்துக்குக் கொண்டுவந்து ஒக்தோவின் மடியில் வைத்து, உளியையும் சுத்தியலையும் நீட்டுவான். அப்படி அவன் கண்டு அவள் பிளந்த ஒரு கல்லில்தான் அந்தச் சின்னத் தொப்பி இருந்தது. விரல் நகத்தில் பாதி அளவு, குல்லாவைப் போலக் குவிந்த ஓடு. அதுவரை யாரும் பார்த்திராத ஓடு. ஒக்தோ அதை வரைந்தாள், விவரித்தாள், பெயர் வைத்தாள். அந்தப் பெயரோடு அவள் பெயரும் நாடு முழுக்கப் போயிற்று. கவ்ரீல் பங்கு கேட்கவில்லை. அதற்காக வைத்த விருந்தில் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவன் அவன்தான். அப்படி ஒரு மனுஷன்.

சனியன் பிறகு பிடித்தது. அந்தத் தொப்பி கிடைக்கும் அதே பாறையில் குட்டிக் குட்டிச் செதில்களும் ஆயிரக்கணக்கில் உதிரி உதிரியாகக் கிடைக்கும். அது வேறு பிராணி, தொப்பி வேறு பிராணி என்றுதான் எல்லாரும் எழுதிவைத்திருந்தார்கள், ஒக்தோவும் சேர்த்துத்தான். கவ்ரீல் மட்டும் ஒரு நாள் சொன்னான், இரண்டும் ஒன்று என்று. நத்தையைப் போல ஊர்கிற ஒரு பிராணி, உடம்பு முழுக்கச் செதில், தலையில் ஒரு தொப்பி.

"எங்கே, காட்டு" என்றாள் ஒக்தோ.

காட்ட முடியவில்லை. எந்தக் கல்லிலும் உதிரியாகத்தான் கிடந்தன. ஆனாலும் அவன் விடவில்லை. லெனின்கிராடிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்த கூட்டத்திலும் எழுந்து அதையே சொன்னான். ஒக்தோவுக்கு மானம் போவதுபோல் இருந்தது. அவளும் எழுந்தாள்.

"நம்ம கவ்ரீல் சந்தையில ஒரு குல்லாவும் நாலு மீன் செதிலும் கிடக்கிறதைப் பார்த்தா, ஊருக்குள்ள குல்லா போட்ட மீன் ஒண்ணு திரியுதுன்னு சொல்வார். கண்ணால பார்த்தாரா? பார்க்கல. பார்க்காததை எழுதக் கூடாது, அவ்வளவுதான்."

கூடமே கொல்லென்று சிரித்தது. கவ்ரீலும் கொஞ்சம் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டிருந்தால், ஒரு தட்டை எடுத்து எறிந்திருந்தால், இருவரும் ஒன்றாக இருந்திருப்பார்கள். அவன் சத்தம் போடவில்லை. ஆறு உறைந்து அதன்மேல் லாரி போகும் பனிப்பாதை திறந்ததும் தன் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மேல் ஆல்தானில் ஒரு சின்னக் குடியிருப்புக்குப் போய்விட்டான். ஆய்வு நிலையத்துக்கு அங்கிருந்தே கல் சேகரித்து அனுப்புகிறேன் என்று சொல்லி, சொன்னபடி வருஷா வருஷம் அனுப்பினான். எல்லாம் சாக்கு மூட்டையில், அமிலத்துக்கென்று சில்லு சில்லாக உடைத்த கல். ஒக்தோவுக்கென்று ஒரு வார்த்தை வந்ததில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

இப்படியே பத்துப் பன்னிரண்டு கோடை போயிற்று. அப்புறம் ஒரு கோடையில், சரக்குப் படகு ஓட்டும் இஸ்தபான் மூட்டைகளோடு சேர்த்து ஒரு பொட்டலத்தையும் கொண்டுவந்தான். பனிமான் தோல், முடி உள்பக்கம் இருக்கும்படி சுற்றி, தோல்வாரால் கட்டியிருந்தது. உள்ளே பலகை அகலத்துக்கு ஒரு கல்.

"இந்தா ஊறுகாய்க்காரி, உன் ஆளு அனுப்பினது."

"எவன் என் ஆளு? மூட்டையை எறக்கிட்டுப் போற வழியைப் பாரு."

"எறக்குறேன், எறக்குறேன். இதை மட்டும் மடியில வெச்சுக் கொண்டுபோன்னான். ரெண்டு ஆறு தாண்டி மடியிலேயே வெச்சிருந்தேன் தாயே, தொடை செத்துப்போச்சு. ஒரு டீ குடுப்பியா?"

"என்ன சொல்லி அனுப்பினான்?"

"ஒண்ணும் சொல்லல. குடுன்னான். குடுத்துட்டேன்."

அந்த நேரத்தில் ஒக்தோவுக்குத் தலைக்கு மேல் வேலை. இலையுதிர்காலத்துக்குள் அறிக்கை முடிக்க வேண்டும், தொட்டிகள் காலியாகக் கிடந்தன, லெனின்கிராடிலிருந்து கேள்வி மேல் கேள்வி வந்துகொண்டிருந்தது. உதவிக்கு இருந்த லுக்கேர்யா நல்ல பெண், ஆனால் எதையும் கேட்டுத்தான் செய்வாள்.

"அக்கா, இந்தத் தோல்ல சுத்தினது மட்டும் உடைக்காம முழுசா வந்திருக்கு. என்ன செய்யட்டும்?"

ஒக்தோ நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கவ்ரீல் கல்லு எல்லாம் ஒரே கல்லுதான்டி. உடைச்சுத் தொட்டியில போடு."

சொன்னது அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிற்பாடு அவள் எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் அது அவள் சொன்னதாகவே இருந்தது. லுக்கேர்யா உடைத்தாள், தொட்டியில் போட்டாள். ஒரு மூலைத்துண்டு மட்டும் உள்ளே அடங்கவில்லை. கோஸ் பானையின் மேல் பாரத்துக்குக் கல் வைப்பது அந்த ஊர்ப் பழக்கமல்லவா, அந்தத் துண்டைத் தொட்டி மூடியின் மேல் பாரமாக வைத்துவிட்டாள்.

கொசு ஓய்ந்து, காட்டுப்பழம் சிவந்து, காலையில் வாளித் தண்ணீரில் பனி ஆடை கட்டத் தொடங்கிய சமயம். ஒக்தோ அந்தத் தொட்டியின் வண்டலைத் தட்டில் பரப்பி நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். வழக்கமாக வண்டல் என்றால் சந்தை முடிந்த இடம் மாதிரி இருக்கும். குழல், சுருள், கொக்கி, முள், உடைந்தது, நசுங்கியது எல்லாம் கலந்து கிடக்கும். இதில் அப்படி இல்லை. செதில்தான், வேறெதுவும் இல்லை. முதுகுக்கானது அகலமாக, விலாவுக்கானது நீளமாக, அடியோரத்துக்கானது சின்னதாக, எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிற அளவில் இருந்தன. நடுவே ஒரே ஒரு தொப்பி. அவள் பெயர் வைத்த தொப்பி.

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"அடியே லுக்கேர்யா, இந்தத் தொட்டியில எந்தக் கல்லைப் போட்டே?"

"அந்தத் தோல்ல சுத்தி வந்ததுதான் அக்கா. நீங்கதானே உடைச்சுப் போடச் சொன்னீங்க?"

"மிச்சம் ஏதாவது இருக்கா?"

"மூடி மேல பாரத்துக்கு வெச்சிருக்கேனே, அதான்."

ஒக்தோ அந்த மூலைத்துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினாள். உடைந்த முகத்தில் செதில்கள் இருந்தன. உதிரியாக இல்லை. கூரைப் பலகைபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்து, வரிசை வரிசையாக, செத்த அன்றைக்கு எப்படி இருந்தனவோ அப்படியே கிடந்தன. வரிசை முடிகிற ஓரத்தில், வட்டமாக, ஒரு தொப்பியின் விளிம்பு.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கவ்ரீல் அனுப்பியது ஒரு முழுப் பிராணி. தொப்பியும் செதிலும் ஒரே உடம்பில் இருந்த பிராணி. உலகத்தில் யாரும் கண்டிராதது, அவன் இத்தனை வருஷமாகத் தேடியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு செதில்கூடத் தொலையவில்லை, அமிலம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் தட்டிலேயே இருந்தன. வரிசைதான் போய்விட்டது. வரிசை போனபின் அவனுடைய பிராணி எங்கே இருக்கிறது?

அப்போதுதான் அந்தத் தோலும் ஞாபகத்துக்கு வந்தது. சாக்கில் வருவது அமிலத்துக்கு. தோலில் சுற்றி, மடியில் வைத்து, வாய் திறக்காமல் கொடுப்பது எதற்கென்று அவளுக்குத் தெரியாதா? அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு? தெரியும். அன்றைக்குத் தலையைத் தூக்கியிருந்தால் தெரிந்திருக்கும். தோலை முகத்தில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். லுக்கேர்யா என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்பில் விறகை அடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஒரே ஒரு ஆறுதலை மட்டும் ஒக்தோ பிடித்துக்கொண்டாள். அவன் அங்கேயே பார்த்திருப்பான். எப்படியும் ஒரு தடவையாவது திறந்து பார்த்திருப்பான். பார்த்தவன் ஒருவன் இருக்கிறானே.

கடைசிப் படகில் அவன் வந்தான். ஆற்றில் பனிக்கூழ் மிதக்கத் தொடங்கியிருந்தது. தலை நரைத்திருந்தது, ஏணிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. கரையில் கால் வைத்ததும் பையிலிருந்த அப்பத்தில் ஒரு துண்டு கிள்ளி ஆற்றுக்குப் படையலாகப் போட்டுவிட்டு நேராக ஆய்வுக்கூடத்துக்கு நடந்தான். உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான், பழைய ஆணியில், நேற்றுத்தான் போனவன்போல. பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து மேஜையில் அவள் பக்கமாகத் தள்ளினான்.

"எடு ஊறுகாய்க்காரி. பிளக்கலாம்."

அவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெண்டாட்டிக்கு ரகசியமாகச் சேலை வாங்கி ஒளித்துவைத்தவன் மாதிரி நின்றான். லுக்கேர்யா டீ போடுகிறேன் என்று வெளியே ஓடிவிட்டாள். ஒக்தோ உளியைத் தொடவில்லை.

"கரைச்சுட்டேன்" என்றாள்.

"எதை?"

"நீ அனுப்பினதை. உடைச்சு வினிகர்ல போட்டுட்டேன்."

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். சிரிப்பு முகத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. "பிளந்து பாத்துட்டுத்தானே போட்டே?"

"இல்ல."

"வரைஞ்சாவது வெச்சியா?"

"நான் பாக்கவே இல்லய்யா. திரும்பிக்கூடப் பாக்கல." அவள் மேஜைமேல் அவன் பக்கம் சாய்ந்தாள். "நீ பாத்திருப்பியே? அங்கேயே திறந்து ஒரு தடவை பாத்திருப்பியே? அதைச் சொல்லு, நீ பாத்தேன்னு சொல்லு."

"ஓரத்துல ஒரு கோடு தெரிஞ்சுது. செதில் வரிசை, கோடு மாதிரி. அது மட்டும்தான்" என்றான் கவ்ரீல். "நான் கண்டதை நான் எப்படிப் பிளப்பேன், ஒக்தோ? உனக்குன்னுதானே வெச்சிருந்தேன்."

ஐம்பது கோடி வருஷம் கல்லுக்குள் முழுசாகக் கிடந்த ஒன்று, அவன் கைக்கு வந்து, அவள் கைக்கு வந்து, யாரும் பார்க்காமல் போய்விட்டது. அவனும் பார்க்கவில்லை, அவளும் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அது அநியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"குடுக்கிறவன் பேசுவானா? தோல்ல சுத்தித்தானே குடுத்தேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும்."

"சரி விடு" என்றான். விட்டதுபோல அவன் முகம் இல்லை. சுத்தியலை எடுத்துப் பைக்குள் போட்டான், உளியைப் போட மறந்துவிட்டான்.

ஆறு உறைகிற காலத்தில் யாரும் எங்கேயும் போக முடியாது. படகு ஓடாது, பனி கெட்டியாகும்வரை லாரியும் ஓடாது. அந்த வாரங்களில் கவ்ரீல் நகரத்தில் தங்கை வீட்டில் இருந்தான். தினமும் வெளிச்சம் வந்ததும் ஆய்வுக்கூடத்துக்கு வந்துவிடுவான். ஒக்தோ கறுப்பு அட்டை ஒன்றை வைத்து, தொட்டியில் கிடைத்த செதில்களை ஒவ்வொன்றாகத் தூரிகையால் எடுத்து அதன்மேல் அடுக்கத் தொடங்கினாள். இதைத்தான் அவளால் செய்ய முடிந்தது. தலைமாட்டில் தொப்பி, நடு முதுகில் அகலச் செதில், விலாவில் நீளச் செதில், ஓரத்தில் சின்னச் செதில். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவன் சொல்வான், அவள் அடுக்குவாள்.

"இடுப்பை இப்படி அகலமா வெச்சா அது ஊர்ந்தாப்லதான். உன்னை அளவு வெச்சு அடுக்காதே."

"பேசாதேய்யா, மூச்சுப் பட்டாப் பறந்துரும்."

"பன்னெண்டு வருஷம் பேசாமதானே இருந்தேன்? பத்தலையா?"

லுக்கேர்யா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மதியம் மூவரும் பாலேட்டில் காட்டுப்பழம் கடைந்து அப்பத்தோடு தின்பார்கள். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பேரும் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். அவன் திட்டவில்லையே என்பதுதான் ஒக்தோவுக்குத் தாங்கவில்லை.

"மேடையில ஏறி நான் சொல்றேன்" என்றாள் ஒரு நாள். "கவ்ரீல் சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்."

"கண்ணால பாத்தியா?"

குத்திக் காட்டுவதற்காக அவன் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான்.

பாக்கி இருந்தது அந்த மூலைத்துண்டுதான். வரிசை கலையாமல் மிஞ்சிய ஒரே சாட்சி. ஆனால் அது ஒத்துவரவில்லை. கவ்ரீல் அதை லென்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதிலிருந்த தொப்பி கொஞ்சம் பெரிது, தட்டை. அதுகூடப் பரவாயில்லை. செதில்கள்தான் தப்பான பக்கம் சாய்ந்திருந்தன.

"செதில்னா தலைப்பக்கமிருந்து வால்பக்கம் சாயணும். மீனைப் பாரு, எதை வேணா பாரு. இதுல எல்லாம் தொப்பியைப் பாத்துச் சாயுது. அப்ப இந்தத் தொப்பி தலை இல்ல. இது வேற எதோடதோ, செத்து மேல விழுந்து கிடக்கு. இதைப் போய்க் காட்டினா மறுபடியும் சிரிப்பாங்க."

ஒக்தோ குனிந்து பார்த்தாள். தொப்பி மேலே விழுந்ததுபோல இல்லை. வரிசை முடிகிற இடத்தில் பதவிசாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. அவள் நாக்கு நுனிக்கு ஒரு கேள்வி வந்தது: ஏன்யா, வால்லயும் ஒண்ணு இருந்தா என்ன?

பழைய ஒக்தோவாக இருந்தால் அதை அப்போதே கேட்டிருப்பாள். மேஜையைத் தட்டிக் கேட்டிருப்பாள். அவன் முடியாது என்பான், இவள் முடியும் என்பாள், டீ ஆறிப் போகும், சாயங்காலத்துக்குள் இருவரில் ஒருவர் ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் அவன் பிராணியைக் கரைத்தவள் அவள். தலையில் ஒரு தொப்பி என்று அவன் ஆயுசு முழுக்கச் சொன்னதை, இருந்ததையும் தொலைத்துவிட்டு இப்போது இவள் திருத்துவதா? எந்த வாயை வைத்துக்கொண்டு? இனி இவனிடம் எதிர்த்துப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்தாள். அப்படி அடங்கிப் போவதுதான் தனக்கு ஏற்ற தண்டனை என்றும் நினைத்தாள். கேள்வியை விழுங்கிவிட்டாள்.

"நீ சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

கவ்ரீல் நிமிர்ந்து அவளை ஒரு மாதிரி பார்த்தான். "என்ன, சண்டைக்கே வரல? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

அவன் மூலைத்துண்டை ஒதுக்கி வைத்தான். அட்டையில் செதில்களைப் பசை தொட்டு ஒட்டி, மேலே கண்ணாடி மூடினார்கள். தலையில் தொப்பி போட்ட பிராணி ஒன்று, கட்டைவிரல் நீளத்துக்கு, வால்பக்கம் மொட்டையாகக் கிடந்தது. இதை யாருக்கும் காட்ட முடியாது. பொறுக்கி அடுக்கியதை யார் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்?

ஆற்றில் பனிப்பாதை திறந்ததும் அவன் லாரியில் கிளம்பினான். ஒக்தோ அப்பமும் உறைந்த மீனும் கட்டிக் கொடுத்தாள். ஏறி உட்கார்ந்தபின் அவன் கண்ணாடியை இறக்கினான்.

"அந்த மூலைக்கல்லைத் தூக்கிப் போட்டுடாதே. கோஸ் பானைக்கு ஆகும்."

அவள் சிரித்தாள். அதுதான் அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது. இரண்டு குளிர்காலம் கழித்து, கல் ஏற்றிய சறுக்குவண்டியோடு வரும் வழியில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான். இஸ்தபான் வந்து சொன்னான். கூட்டம் நடக்கும் கூடத்தில் அவனுக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள், குல்லா போட்ட மீன் என்று சிரித்தவர்களும் நின்றார்கள்.

அதற்கும் சில வருஷம் கழித்து, ஒக்தோ வேலையிலிருந்து நிற்கப்போகிற வருஷத்தில், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று நிலையத்துக்கு வந்தது. லுக்கேர்யா, இப்போது அவளும் நரைக்கத் தொடங்கிவிட்டாள், மூச்சிரைக்க அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அக்கா, கிடைச்சிருச்சு அக்கா! முழுசாக் கிடைச்சிருச்சு!"

வட துருவத்துக்கு அந்தப் பக்கம், பனி மூடிய ஒரு பெருந்தீவில் யாரோ ஒரு கல்லைப் பிளந்திருந்தார்கள். ஒக்தோவும் கவ்ரீலும் அடுக்கிய பிராணிக்கு உறவுக்காரப் பிராணி, ஒரே ஜாதி. படம் பக்கம் முழுக்க இருந்தது. நத்தைபோல நீண்ட உடம்பு, உடம்பெல்லாம் செதில், தலையில் ஒரு தொப்பி. அறைக்குள் கூட்டம் கூடிவிட்டது. கவ்ரீல் அப்பவே சொன்னாரே, கவ்ரீல் அப்பவே சொன்னாரே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள் என்று ஒக்தோவுக்கு ஆத்திரமாக வந்தது.

அப்புறம் அவள் படத்தை அருகே இழுத்தாள். கண் கீழே போயிற்று. வால்பக்கம், செதில்வரிசை முடிகிற இடத்தில், செதில்கள் சாய்கிற பக்கத்தில், இன்னொரு தொப்பி. கொஞ்சம் பெரிது. தட்டை.

எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்தாள். அலமாரியிலிருந்து அந்தக் கறுப்பு அட்டையை எடுத்து, கண்ணாடியைத் தூக்கினாள். பக்கத்தில் தோலில் சுற்றி வைத்திருந்த மூலைக்கல்லைப் பிரித்தாள். அட்டையின் மொட்டை வாலுக்குக் கீழே கல்லைக் கொண்டுபோய் வைத்தாள். வரிசை வரிசையைத் தொட்டது. சாய்வு ஒத்துப்போயிற்று. அவர்கள் கையில் எல்லாமே இருந்திருக்கிறது, தலையும் வாலும் நடுவிலுள்ளதும். அன்றைக்கு அவள் வாயைத் திறந்திருந்தால் அவன் லாரி ஏறுமுன் பார்த்திருப்பான். பிராணியைக் கரைத்ததைக்கூட அவள் ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டுவிட்டாள், அது ஒரு நிமிஷத்துத் திமிர். இதைப் பொறுக்க முடியவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டது அவள் தண்டனையென்றும் அன்பென்றும் நினைத்துச் செய்தது.

லுக்கேர்யா டீ கொண்டுவந்தபோது ஒக்தோ மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தாள். எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்து, தெரு முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன்யா, வால்லயும் ஒண்ணு இருந்தா என்ன? சொல்லுய்யா, இருந்தா என்ன?"

பழைய ஒக்தோவின் குரல்தான் அது. பதிலுக்குச் சண்டை போடத்தான் ஆள் இல்லை.